பிஎச்.டி. விண்ணப்பத்தைக் கன்சல்டன்சியிடம் ஒப்படைக்கும் முன்

அமெரிக்காவில் குவான்டிடேட்டிவ் சைக்காலஜி பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் எந்தக் கன்சல்டன்சிக்கும் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் நான் 65,000 ரூபாய் கட்டினேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

துறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது நோயாளிக்கு ஆலோசனை சொல்லும் படிப்பு இல்லை. ஒரு வினாத்தாளோ மனப்பதற்ற அளவுகோலோ உண்மையில் எதை அளக்கிறது, அதை எந்தக் கணக்கால் சரிபார்ப்பது என்று கேட்கும் புள்ளியியல். சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம், யுசிஎல்ஏ, நோட்ர டேம், அரிசோனா ஸ்டேட் போன்ற சில இடங்களில்தான் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு பிரிவு ஆண்டுக்கு ஒரு சிலரைத்தான் எடுக்கும். எடுத்தால் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவார்கள்.

சிக்கலே அங்குதான். கன்சல்டன்சிகளுக்குப் பெரும்பாலான வருமானம், காசு கட்டிச் சேரும் முதுகலை மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகங்கள் தரும் கமிஷனில் இருந்து வருகிறது. ஃபண்டிங்கோடு போகும் பிஎச்.டி. மாணவரால் அவர்களுக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் பேக்கேஜ் கட்டணம் வாங்கும்போது இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் கவுன்சிலர் எழுதித் தந்த எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை), ‘சிறு வயதிலிருந்தே மனித மனத்தின் ஆழங்கள் என்னை ஈர்த்தன’ என்று தொடங்கியது. மூன்றாவது பத்தியில் நான் நோயாளிகளின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எம்.எஸ்சி.யில் நான் செய்த ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி (ஒவ்வொரு கேள்விக்கும் ஒருவர் தரும் விடையை வைத்து அவருடைய திறனையோ பண்பையோ அளக்கும் புள்ளியியல் முறை) ஆய்வுக்கு ஒரே ஒரு வரி. அந்த எஸ்ஓபியை நானே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்.

அடுத்தது டெட்லைன். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தில் ஒரு தேதி இருக்கும், உளவியல் துறையின் பக்கத்தில் வேறு தேதி இருக்கும். துறை தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். கன்சல்டன்சியின் எக்செல் ஷீட்டில் இருந்ததோ ஜனவரி மாதப் பொதுத் தேதி. இரண்டு இடங்கள் அதிலேயே போயின.

பரிந்துரைக் கடிதத்தில் நடந்தது இன்னும் மோசம். “உங்க சாரை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க? அவர் பேர்ல ஒரு ஜிமெயில் ஓபன் பண்ணி நாங்களே அப்லோட் பண்ணிடுறோம்” என்றார் கவுன்சிலர், ஏதோ டீ வாங்கித் தருகிற மாதிரி. முடியாது என்று சொல்லிவிட்டேன். இது பச்சையான போலி ஆவணம். கண்டுபிடித்தால் கிடைத்த இடத்தையும் ரத்து செய்வார்கள். கெடுவது உங்கள் பெயர், கன்சல்டன்சியின் பெயர் இல்லை.

எல்லா விண்ணப்பத்துக்கும் என் பெயரில் அவர்களே ஒரு மெயில் ஐடி தொடங்கியிருந்தார்கள். பாஸ்வேர்டு கேட்டால், “மாணவர்கள் உள்ளே போனால் குழப்பம் வரும் மேடம்” என்பார்கள். பிப்ரவரி முடியும்போது என் சொந்த மெயிலில் இருந்து ஒரு துறைக்கு எழுதிக் கேட்டேன். ஜனவரியில் நேர்காணலுக்கு அழைத்ததாகவும் பதில் வராததால் என்னைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டதாகவும் பதில் வந்தது. சண்டை போட்டுப் பாஸ்வேர்டு வாங்கிப் பார்த்தால் அந்த மெயில் அங்கேயே இருக்கிறது. திறந்து படித்திருக்கிறார்கள்! அதற்குச் சற்று மேலே, நான் கேள்விப்படாத ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து முதுகலை டேட்டா அனலிட்டிக்ஸ் படிப்பில் இடம் கிடைத்ததற்கு வாழ்த்து. என்னைக் கேட்காமலே அங்கே விண்ணப்பித்திருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘சேவை வழங்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரி.

விண்ணப்பிப்பவர்கள் தங்கள் மெயில் ஐடியையே கொடுங்கள், போர்ட்டல் பாஸ்வேர்டை யாரிடமும் தராதீர்கள். அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று பேராசிரியருக்கு நேரடியாக மெயில் போட்டுக் கேட்கலாம்; அப்படிக் கேட்பது அங்கே வழக்கம்தான். 2020க்குப் பிறகு பல துறைகள் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்பதை விட்டுவிட்டன, அதற்கும் துறையின் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பணம் கட்டும் அன்றே பாருங்கள். விளம்பரத்தில் இருந்த எஸ்ஓபி, டெட்லைன் கண்காணிப்பு, நேர்காணல் பயிற்சி எதுவும் என் பில்லில் இல்லை. ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள்.