சத்துவாச்சாரி ஏசி பணிமனை: கத்திரி வெயிலில் என் காருக்குக் கிடைத்த சரியான சிகிச்சை

வேலூர் சத்துவாச்சாரியில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டு நடத்தப்படும் சிறிய கார் ஏசி பணிமனையைப் பற்றிய மதிப்புரை இது. சென்ற மே மாதம், கத்திரி தொடங்கிய முதல் வாரத்தில், ஏழு ஆண்டுகள் ஓடிய என் பெட்ரோல் காரை அங்கே கொண்டுசென்றேன். அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. சிகிச்சை முடிந்து களைத்து வருபவரைப் பிற்பகல் இரண்டு மணி வெயிலில், காட்பாடி சாலை நெரிசலில், அனல் வீசும் காரில் உட்காரவைப்பது என்னால் தாங்க முடியாத காரியமாக இருந்தது.

கோளாறு விசித்திரமானது. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஏசி குறையின்றிக் குளிரும். நெடுஞ்சாலையில் எண்பதில் போனால் பகலிலும் ஓரளவு குளிரும். சிக்னலில் நின்றால் மட்டும் இரண்டே நிமிடத்தில் வெறும் காற்றுதான் வரும். இதற்காக வேறோர் இடத்தில் இரண்டு கோடைகளாக, சரியாகப் பார்க்காமலே, "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று சொல்லி நிரப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் நிலைமை சற்று மோசமானதே தவிர மேம்படவில்லை.

சத்துவாச்சாரிப் பணிமனையில் எனக்கு முதலில் நம்பிக்கை தந்தது, அந்த மெக்கானிக் கேட்ட கேள்வி. "எப்போ சார் கூலிங் போகுது, ஓடும்போதா, நிக்கும்போதா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும், காரை நிழலில் விடச் சொல்லாமல் வெயிலிலேயே நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஏசி வாயுவின் உயர், தாழ் அழுத்தங்களை அளக்கும் இரண்டு கேஜ்களையும் மாட்டினார். வெளியே வெப்பம் 41 டிகிரி. உயர் அழுத்தக் கேஜின் முள் 340 பிஎஸ்ஐயை (அழுத்தத்தின் அலகு) தொட்டு நின்றது. ஏசி வாயிலில் செருகிய வெப்பமானி 17 டிகிரி காட்டியது. அவர் ஒரு குவளையில் தண்ணீர் எடுத்து, முன் கிரில்லின் இடைவெளி வழியாக, ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் மீது மெதுவாக ஊற்றினார். என் கண்ணெதிரே அந்த முள் 340-இலிருந்து சரிந்து 250-க்கு வந்தது. வாயிலில் வெப்பம் 11-க்கு இறங்கியது. தண்ணீர் ஆவியானதும் முள் மீண்டும் ஏறியது. இரண்டு ஆண்டுகளாக யாரும் சொல்லாத விஷயத்தை ஒரு குவளைத் தண்ணீர் காட்டிவிட்டது.

காரின் உள்ளே இருக்கும் வெப்பத்தை வாயு வெளியே கொண்டுவந்து கண்டென்சரில் கொட்ட வேண்டும். அங்கே அது காற்றிடம் வெப்பத்தை ஒப்படைத்துத் திரவமானால்தான் மறுபடியும் உள்ளே போய்க் குளிர்விக்கும். என் காரின் ஏசியில் உள்ள ஆர்134ஏ வாயு 60 டிகிரியில் திரவமாவதற்கே ஏறத்தாழ 230 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். 340 என்றால், அந்த வெப்பநிலை எழுபதைத் தாண்டிவிட்டது என்று பொருள். அழுத்தம் மேலும் ஏறினால் பாதுகாப்பு சுவிட்ச், வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரை நிறுத்திவிடும். கார் ஓடும்போது எதிர்க்காற்று உதவுகிறது. நிற்கும்போது ஃபேன் ஒன்றை நம்பித்தான் எல்லாமும். தவிரவும், கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவதால் கம்ப்ரசரும் மெதுவாகவே சுழலும். ஆகவே எங்கள் ஊர்க் கோடையில் ஏசியின் பலம் முதலில் சோதிக்கப்படுவது சிக்னலில்தான்.

அவர் அடுத்து வாயு முழுவதையும் மீட்பு இயந்திரத்தால் உறிஞ்சி எடை பார்த்தார். பானெட்டின் அடியில் உள்ள லேபிளில் 400 கிராம் என்று இருக்கிறது. வெளியே வந்தது 560 கிராம். கூடுதல் வாயு திரவமாகிக் கண்டென்சரின் அடிப்பகுதியில் தேங்கி, வெப்பத்தை வெளியேற்றும் பரப்பைக் குறைத்துவிடும் என்று அவர் விளக்கியபோது, நான் பணம் கொடுத்துக் கொடுத்தே கோளாறை வளர்த்திருக்கிறேன் என்பது புரிந்து வருந்தினேன். வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் இயந்திரத்தில் சேமித்ததைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஆர்134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியை வெப்பமாக்கும் வாயு. அதைச் சாலையோரத்தில் புஸ்ஸென்று திறந்துவிடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

பம்பரைக் கழற்றியபோதுதான் மூலகாரணம் தெரிந்தது. வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் காரை நிறுத்துவேன். காய்ந்த வேப்பம்பூவும் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்து, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள விரல் அகல இடைவெளியில் கம்பளிபோல் படிந்திருந்தன. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரேடியேட்டரைச் சற்றே நகர்த்தி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைந்த நீரால் அவர் கழுவினார். மடிந்திருந்த தகடுகளைச் சீப்பு போன்ற கருவியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். இதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது. பிரஷ் தேய்ந்து வேகம் குறைந்திருந்த ஃபேன் மோட்டாரை மாற்றினார். கண்டென்சரின் இருபக்கமும் உதிர்ந்துபோயிருந்த ஃபோம் பட்டைகளுக்குப் பதிலாகப் புதியவற்றை ஒட்டினார். பட்டை உதிர்ந்த சந்து வழியாக எஞ்சினின் சூடான காற்று முன்பக்கம் திரும்பிவந்து மீண்டும் கண்டென்சருக்குள்ளேயே புகுமாம். இவ்வளவு சிறிய விஷயத்தைக் கவனித்ததற்காகவே இந்தக் கடைக்கு மறுபடியும் போவேன்.

பிறகு கேபின் ஃபில்டர் மாற்றம், குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க 40 நிமிட வேக்கம், குறைந்துபோன அளவுக்கு எண்ணெய், தராசில் வைத்துச் சரியாக 400 கிராம் வாயு. மீண்டும் வெயிலில் நிறுத்தி அளந்தபோது உயர் அழுத்தம் 240. வாயிலில் 8 டிகிரி. ஃபேன் மோட்டார் 2,600, வாயுவும் வேக்கமும் 1,800, ஃபில்டர் 350, சுத்தம் செய்த கூலி 900 என மொத்தம் 5,650 ரூபாய் ஆனது. நியாயமான தொகை.

குறைகளும் உண்டு. காத்திருப்பவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் தகரக் கூரையும் மட்டுமே இருப்பதால் வயதானவர்களை உடன் அழைத்துச் செல்லக் கூடாது. கேட்ட பிறகுதான் பில் எழுதினார்கள், அதிலும் புதிதாக மாட்டிய மோட்டாருக்கு உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை நான் வற்புறுத்திச் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் என்றார்கள், நான்கரை ஆனது. புதிய ரகக் கார்களில் வரும் ஆர்1234ஒய்எஃப் வாயுவுக்கான இயந்திரம் அவர்களிடம் இல்லை. அத்தகைய கார் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு முன் ஜன்னலில் மாட்டும் சூரியசக்தி விசிறி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அது நகர்த்தும் காற்று மிகச் சொற்பம், வாங்க வேண்டாம். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவதையும் தவிர்த்தேன். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு வெள்ளித் திரை வைப்பதும், ஏறியதும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, உள்ளே அடைபட்ட அனல் போனபின் உள்காற்றுச் சுழற்சியைப் போடுவதும் செலவில்லாமல் பலன் தருகின்றன. அப்பா ஏறுவதற்குள் உள்ளே உட்காரும்படி ஆகிவிடுகிறது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குப் போனால் வரிசை இருக்காது என்பது உண்மைதான். ஆனால் காலைக் குளிர்ச்சியில் கேஜ் முள் நல்லபிள்ளையாக நின்றுவிடும், கோளாறு வெளியே வராது. நிற்கும்போது குளிர் போகும் வண்டி என்றால், சிரமம் பார்க்காமல் பிற்பகல் இரண்டு மணிக்கே கொண்டுபோய் வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள்.