கொட்டோர்ஃப் கோட்டையைச் சுற்றி ஒரு வரலாற்று நடை: வழிகாட்டிச் சேவை குறித்த மதிப்புரை

வடக்கு ஜெர்மனியில், டென்மார்க் எல்லைக்குச் சற்றுத் தெற்கே, ஷ்லாய் என்னும் நீண்ட கடற்கழியின் மேற்கு முனையில் ஷ்லெஸ்விக் நகரம் அமைந்திருக்கிறது. அங்கே கொட்டோர்ஃப் கோட்டையிலிருந்து ஆண்ட டியூக்குகள் என்னும் சிற்றரசர்களின் வரலாற்றை நடந்தபடியே விளக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் வழிகாட்டிச் சேவையை இந்தக் கோடையில் பயன்படுத்தினேன். மூன்றரை மணி நேரம், ஏழு பேர் கொண்ட குழு, ஆங்கில விளக்கம், ஒருவருக்கு 35 யூரோ. கோட்டைக்கும் தோட்டத்துக்கும் நுழைவுச்சீட்டு தனி. ஐரோப்பிய அரச குடும்பங்களின் பெயர்கள் தலையைச் சுற்றவைக்கும் என்று அஞ்சி இத்தகைய இடங்களைத் தவிர்ப்பவர்கள் நம்மில் பலர் இருப்பதால், இந்தச் சேவை எதை நன்றாகச் செய்தது, எங்கே தவறியது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வழிகாட்டி எங்களை நேராகக் கோட்டைக்குள் அழைத்துச் செல்லவில்லை. கோட்டை ஒரு தீவில் இருக்கிறது. அதற்குச் செல்லும் வழியிலேயே நிறுத்தி, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்னும் இரு சிற்றரசுகளைக் காட்டும், மடித்து வைத்திருந்த துணி வரைபடம் ஒன்றை விரித்து, அதன் நான்கு முனைகளையும் எங்களிடம் பிடிக்கக் கொடுத்தார். டென்மார்க் அரசரின் பங்கு சிவப்பிலும் கொட்டோர்ஃப் டியூக்கின் பங்கு நீலத்திலும் இருந்தன. இரண்டும் வடக்கு, தெற்கு என்று பிரிந்து நிற்காமல், ஒட்டுப்போட்ட போர்வையைப் போல ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. ஃப்ளென்ஸ்பர்க்கும் சேகெபெர்க்கும் அரசருக்கு. கீல், ஹூசும், ஐடர்ஷ்டெட் ஆகியவை டியூக்குக்கு. இது 1544ஆம் ஆண்டில் மூன்று சகோதரர்களுக்கிடையே நடந்த பாகப்பிரிவினையின் விளைவு. மூத்தவர் டென்மார்க் அரசர் மூன்றாம் கிறிஸ்டியன், இரண்டாமவர் ஹான்ஸ், இளையவர் கொட்டோர்ஃப் டியூக்குகளின் வழியைத் தொடங்கிய அடோல்ஃப். ஹான்ஸ் வாரிசின்றி 1580இல் இறந்தபின் அவருடைய பங்கும் பிரிக்கப்பட, அரசர், டியூக் என்று இரண்டு பங்காளிகளே எஞ்சினர். நிலப்பரப்பைவிட வருமானம் சமமாக இருக்கவேண்டும் என்பதே பிரிவினையின் அடிப்படை என்பதால்தான் வரைபடம் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்று அவர் விளக்கியபோது, அதுவரை எனக்குப் புதிராக இருந்த பல போர்களின் காரணம் ஒரே நொடியில் விளங்கியது. கிணற்றையும் வரப்பையும் பொதுவில் வைத்துப் பிரித்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிரபுக்களின் பண்ணைகளும் மடங்களுக்குரிய நிலங்களும் எவர் பங்கிலும் சேராமல், இருவரும் ஆண்டுக்கு ஒருவராக மாறி மாறி நிர்வகிக்கும் பொதுப் பகுதியாக விடப்பட்டன. ஷ்லெஸ்விக்கும் ஹோல்ஸ்டைனும் “என்றென்றும் பிரிக்கப்படாமல் ஒன்றாகவே” இருக்கும் என்று அதே குடும்பத்தின் முன்னோரான முதலாம் கிறிஸ்டியன் 1460இல் ரீபே நகரில் பிரபுக்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்பதையும் வழிகாட்டி மறக்காமல் சொன்னார்.

கோட்டைக்குள் நாங்கள் அதிகம் நேரம் செலவிடவில்லை, அது சரியான முடிவுதான். 1590களின் மான் மண்டபத்தில், சுவரில் சுதையால் வடிக்கப்பட்ட மான்களின் தலையில் உண்மையான கொம்புகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, இந்தக் குடும்பத்தின் பெரும் சேகரிப்புகளும் நூலகமும் பிற்காலத்தில் கோபன்ஹேகனுக்குப் போய்விட்டன, கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படைவீரர் குடியிருப்பாக இருந்தது, அருங்காட்சியகமானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எது பழையது, எது பின்னாளில் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லும் வழிகாட்டிகள் எனக்கு அபூர்வமாகவே வாய்த்திருக்கிறார்கள். தேவாலயத்தில் டியூக் குடும்பத்துக்கென மர இழைப்பு வேலைப்பாட்டுடன் செய்யப்பட்ட தனி வழிபாட்டு அறையை, அவசரமில்லாமல் பத்து நிமிடம் பார்க்க விட்டார்.

சேவையின் உச்சம் கோட்டைக்கு வடக்கே உள்ள படிநிலைத் தோட்டமும், அங்கே ஒரு பெரிய கோளத்தை வைத்திருக்கும் கோள வீடும்தான். 1616 முதல் 1659 வரை ஆண்ட டியூக் மூன்றாம் ஃபிரெடரிக், போரில் நாட்டம் குறைந்தவர். அறிவிலும் வணிகத்திலும் தம் பங்காளியை விஞ்ச நினைத்தவர். அவருடைய மாமாவான டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன்தான் 1620இல் நம் தரங்கம்பாடியில் டேனிஷ் வணிகத்துக்குக் கால்கோள் இட்டவர் என்பதைக் குழுவில் நான் சொன்னபோது வழிகாட்டி மகிழ்ந்து, அடுத்த ஆண்டிலேயே ஃபிரெடரிக் டச்சு அகதிகளைக் கொண்டு ஃபிரெடரிக்ஷ்டாட் துறைமுக நகரை நிறுவியதை அதனுடன் பொருத்திக் காட்டினார். பாரசீகப் பட்டினை ரஷ்யா வழியாகத் தம் நாட்டுக்குக் கொண்டுவர அவர் 1630களில் அனுப்பிய தூதுக்குழு 1637இல் பாரசீகத் தலைநகர் இஸ்ஃபஹானை அடைந்தது. பட்டு வணிகம் மட்டும் கைகூடவேயில்லை. குழுவின் தலைவர்களுள் ஒருவரான வணிகர் புரூக்மன், திரும்பி வந்தபின் 1640இல் தலை துண்டிக்கப்பட்டார். செயலாளராகச் சென்ற ஆடம் ஓலியாரியுஸோ பயண நூல் எழுதி, பாரசீகக் கவிஞர் சஅதியின் ‘குலிஸ்தான்’ நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து, அரண்மனை அறிஞராக உயர்ந்தார். அக்குழுவில் இருந்த மண்டெல்ஸ்லோ என்னும் இளைஞர் பாரசீகத்திலிருந்து சூரத்துக்குக் கப்பலேறி ஆக்ரா வரை வந்திருக்கிறார்.

ஓலியாரியுஸின் மேற்பார்வையில் 1650இல் தொடங்கிச் செய்யப்பட்டதுதான் கொட்டோர்ஃப் கோளம். மூன்று மீட்டருக்கும் சற்று அதிகமான விட்டம். வெளிப்புறம் உலக வரைபடம், உட்புறம் வானம். நாம் இப்போது பார்ப்பது 2005இல் திறக்கப்பட்ட மறுஆக்கம். சிறு கதவின் வழியே குனிந்து நுழைந்து, வட்ட இருக்கையில் முழங்கால்கள் இடிக்க நெருங்கி உட்கார்ந்ததும் கதவு மூடுகிறது. சுற்றிலும் கரடியும் சிங்கமும் வேட்டைக்காரனுமாக விண்மீன் கூட்டங்கள் ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் மெல்ல இறங்குகின்றன. நாம் அசையாமலிருக்க வானம் நகர்கிறது என்பதை உடல் நம்ப மறுத்து, எதிரே இருந்த பெண்மணி இருக்கையைப் பற்றிக்கொண்டார். வழிகாட்டி அந்த நேரம் முழுதும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அந்த மௌனத்துக்காகவே நான் இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன்.

வெளியே வந்தபின்தான் மீதிக் கதை. 1713இல், ஸ்வீடனுக்கு எதிராக ரஷ்யாவும் டென்மார்க்கும் நடத்திய வடக்குப் பெரும் போரின் நடுவே, டியூக் சிறுவனாக இருந்தபோது, கோளம் ரஷ்யப் பேரரசர் பீட்டருக்குப் பரிசாகப் போனது. 1747இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தீப்பிடித்ததில் இரும்புச் சட்டமும் கதவும் தவிர ஏறத்தாழ எல்லாம் அழிந்து மீண்டும் கட்டப்பட்டது. 1721இல் ஷ்லெஸ்விக் பங்கை டென்மார்க் எடுத்துக்கொள்ள, கீல் நகரத்துக்குச் சுருங்கிப்போன டியூக் கார்ல் ஃபிரெடரிக் 1725இல் பீட்டரின் மகள் அன்னாவை மணந்தார். அவர்களுக்கு 1728இல் கீலில் பிறந்த மகன்தான் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் பீட்டர். கோட்டையை இழந்த குடும்பம் 1917 வரை ரஷ்யாவை ஆண்ட வம்சமானது இப்படித்தான்.

குறைகளும் உண்டு. 1773இல் ஹோல்ஸ்டைன் பங்கும் ஓல்டன்பர்க் என்னும் நிலப்பகுதிக்கு ஈடாக டென்மார்க் அரசரிடம் சென்றதுடன் விளக்கம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. டென்மார்க்குடன் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் நடத்திய 1864 போர், 1866இல் பிரஷ்யா இந்த நிலத்தை இணைத்துக்கொண்டது, 1920 பொதுவாக்கெடுப்பு ஆகிய மூன்றும் வண்டி நிறுத்தத்துக்கு நடக்கும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. அந்த வாக்கெடுப்பில் வடக்கு மண்டலத்தில் சுமார் 75 சதவீதம் பேர் டென்மார்க்கையும், ஃப்ளென்ஸ்பர்க் அடங்கிய தெற்கு மண்டலத்தில் சுமார் 80 சதவீதம் பேர் ஜெர்மனியையும் தேர்ந்தெடுத்தார்கள். பங்காளிகளின் வரைபடத்தில் முதன்முறையாக அந்த மண்ணில் வாழ்பவர்களே கோடு போட்ட தருணம் அது. அரை மணி நேரமாவது பெற்றிருக்க வேண்டும். அதைவிட என்னை வருத்தியது, பிரபுக்களின் பண்ணைகளில் 1805 வரை நீடித்த குடியானவர்களின் அடிமைநிலை குறித்து ஒரு வார்த்தைகூட வராததுதான். சமமாகப் பிரிக்கப்பட்ட அந்த வருமானம் யாருடைய உழைப்பில் வந்தது என்று நான் கேட்டேன். வழிகாட்டி பண்போடு, அது வேறொரு நடையில் வரும் என்றார். அவ்வளவு சிறந்த வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர், அந்தப் பொதுப் பகுதியைக் காட்டியபோதே இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். கோள வீடு குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதால் கோடையிலேயே பதிவுசெய்யுங்கள். தோட்டத்தின் படிநிலைகளில் ஏறவேண்டியிருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் சென்றால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். நடை முடிந்தபின் ஷ்லெஸ்விக் பேராலயத்துக்குத் தனியாகச் செல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஹான்ஸ் புரூகெமான் 1521இல் முடித்த மரப்பலிபீடம் அங்கே இருக்கிறது. மூன்று பங்காளிகளின் தந்தையான அரசர் முதலாம் ஃபிரெடரிக்கின் நினைவுச்சின்னமும் அதே கூரையின்கீழ்தான் உள்ளது, அவரை இந்த நடையில் பெயரளவில்தான் சந்திப்பீர்கள்.