முந்திரிப் பைக்குப் பாலியெஸ்டர் ஃபிலிம்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கடலூரில் முந்திரிப் பருப்பைச் சில்லறைப் பைகளில் அடைத்து விற்கும் எங்கள் சிறு கூடத்தில், பல பருவங்களாக 12 மைக்ரான் பாலியெஸ்டர் ஃபிலிமின் உட்பக்கம் பாலிதீன் ஒட்டிய ரோல்களே ஓடுகின்றன. முன்பு ஓடிய வெறும் பாலிதீன், இயந்திரத்தின் இழுப்புக்கு நீண்டுகொடுத்ததால், அச்சடித்த பெயர் ஒரு பையில் நடுவிலும் அடுத்த பையில் ஓரத்திலும் வந்து நின்றது. அதைவிட மிக மெல்லிய பாலியெஸ்டர் நீள்வதில்லை. வெட்ட வேண்டிய இடத்தைக் காட்ட அச்சடித்த கறுப்புக் குறியின் மேலேயே கத்தி விழுகிறது.

இந்த விறைப்பு, தயாரிப்பின்போது கொடுத்த சூட்டிலும் இழுப்பிலும் பிறந்தது. பாலியெஸ்டர் ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கும். உருகுவதற்கு 250 டிகிரியைத் தாண்ட வேண்டும். இடையில் 90 முதல் 120 டிகிரி வரையிலான சூட்டில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும்போது, சுருண்டு கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் நிமிர்ந்து, நெருங்கி, ஆங்காங்கே படிகமாக இறுகுவதால், விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. சூடு குறைந்தால் ஃபிலிம் கிழியும். மிகுந்தால் சங்கிலிகள் நழுவி மீண்டும் சுருண்டுகொள்வதால், நீளம் கிடைக்குமே தவிர விறைப்பு கிடைக்காது. பிறகு, தளரவிடாமல் பிடித்தபடியே 200 டிகிரிக்கு மேல் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் உயிரான கட்டம் இதுவே. இது நடக்காத ஃபிலிம், பாட்டில்களில் சுருக்கிப் பொருத்தும் லேபிளைப் போலச் சூடு பட்டதும் சுருங்கிவிடும்.

பையின் வாயை ஒட்டும் பட்டை 150 டிகிரியை நெருங்கி ஓடினாலும் ஓரம் நேர்கோடாக நிற்பதற்குக் காரணம் இதுதான். பி.ஓ.பி.பி. எனப்படும், இரு திசைகளிலும் இழுத்த பாலிபுரோப்பிலீன் 165 டிகிரியை ஒட்டி உருகும் பொருள். அதை அதே பட்டையில் ஓட்டிப் பார்த்தபோது ஒட்டிய இடம் நெடுகச் சிறு சிறு சுருக்கங்கள் விழுந்தன.

குறைகளும் உண்டு. ஓரத்தில் நகக்கீறல் அளவு வெட்டு விழுந்தால் போதும், பை ஒரே இழுப்பில் கிழிந்துவிடும். ஈரத்தைத் தடுப்பதில் பி.ஓ.பி.பி.யே மேல் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அலுமினியப் பூச்சு ஏற்றிய பாலியெஸ்டருக்கு மாறிக்கொள்கிறோம். விலை கூடுதல், பருப்பு வெளியே தெரியவில்லை என்று கடைக்காரர்கள் குறைப்படுகிறார்கள், ஆனால் அதன் மொறுமொறுப்புப் போவதில்லை.