மான் வேட்டைக்கு பிளின்ட்லாக் ரைபிள்: எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் வேட்டைப் பருவத்தில், துப்பாக்கிகளில் பிளின்ட்லாக்குக்கு மட்டுமே அனுமதி. 1974 முதல் இருந்துவரும் ஏற்பாடு இது. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித்தான் வெடிமருந்து பற்ற வேண்டும். ரைபிள் .44 காலிபருக்கு, அதாவது குழலின் உள்விட்டம் 0.44 அங்குலத்துக்கு, குறையக் கூடாது. நான் பல குளிர்காலங்களாக .50 காலிபர் ரைபிளுடன் போய்வருகிறேன். புதிதாக வாங்க விரும்புவோர் கேட்பதால் எழுதுகிறேன்.

பலரும் முதலில் பார்ப்பது வரியோடிய மேப்பிள் கட்டையையும் பித்தளை வேலைப்பாட்டையும்தான். லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் 18-ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த நீண்ட ரைபிளின் அழகு யாரையும் மயக்கும். ஆனால் மானை வீழ்த்துவதும் தவறவிடுவதும் மருந்தைப் பற்றவைக்கும் ‘லாக்’ என்னும் பொறியமைப்பின் கையில் இருக்கிறது. காசைக் கொட்டுவதானால் அதில் கொட்டுங்கள்.

கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, மங்கிய வெளிச்சத்தில் விசையை இழுத்து, கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியலான குதிரையை விட்டுப் பாருங்கள். தீப்பொறிகள் கொத்தாக, பற்றவைக்கும் மருந்து வைக்கும் கிண்ணிக்குள்ளேயே விழ வேண்டும். நாலைந்து பொறி வெளியே சிதறி அணைந்தால், பனிநாளில் அது உங்களைக் கைவிடும். கல்லைத் தோல்துண்டு சுற்றி இறுக்குங்கள். அதன் விளிம்பு எஃகுத் தகட்டின் அகலம் முழுவதும் படிய வேண்டும். கிண்ணியில் மருந்தைக் குவிக்காதீர்கள். கிண்ணியிலிருந்து குழலுக்குள் நெருப்பு போகும் துளையான பற்றுவாயை அது மூடிவிட்டால் நெருப்பு திரிபோல ஊர்ந்து உள்ளே போகும்; அந்தத் தாமதத்தில் குறி நகர்ந்துவிடும். மருந்து துளைக்குக் கீழே நின்றால் கிண்ணியும் குழலும் ஒரே சத்தமாக வெடிக்கும்.

அடுத்தது குழலின் புரி, அதாவது குண்டைச் சுழலவிடும் உட்புறச் சுருள் வரிப்பள்ளம். துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 60 அங்குலத்தில் ஒரு சுற்று என்பதுபோல மெதுவான புரி வேண்டும். 28 அங்குலத்தில் ஒரு சுற்று என்பது நீளக் குண்டுக்கானது. இரண்டுக்கும் பொது என்று சொல்லப்படும் 48 அங்குலப் புரியும் மோசமில்லை, ஆனால் உருண்டைக் குண்டுதான் போடப்போகிறீர்கள் என்றால் என் ஓட்டு மெதுவான புரிக்கே. .50 குழலில் நான் கெட்டிப்பது 0.490 அங்குல ஈயக்குண்டு. எடை சுமார் 177 கிரெயின். உருண்டை என்பதால் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். 75 கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை நான் விட்டுவிடுவேன். காயப்பட்டு ஓடும் மானை அந்தக் குளிரில் தேடுவது கொடுமை.

கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்று இரவே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் பூசாவிட்டால் குழல் துருவேறும். இந்தச் சிரமத்துக்குத் தயாரில்லை என்றால் வாங்கவே வேண்டாம். பனி பெய்யும்போது லாக்கின்மேல் மெழுகேற்றிய தோலுறை போடுங்கள்; அப்படியும் கிண்ணி மருந்தை அவ்வப்போது மாற்றத்தான் வேண்டும்.

இடக்கைக்காரர்கள் இடப்பக்க லாக்கைக் கேட்டு வாங்கலாம். அந்தத் தெரிவு குறைவு, காத்திருக்க நேரும். யாராக இருந்தாலும் சுடும்போது லாக் இருக்கும் பக்கத்தில் ஒருவரையும் நிற்க விடாதீர்கள். பற்றுவாயிலிருந்து நெருப்பு பக்கவாட்டில் பீறிட்டு அடிக்கும்.