மார்க்கேசஸ் தீவுகளுக்கு எந்தக் கப்பல்: சான் டியாகோவின் 35 நாளா, அரானுயியின் 12 நாளா?

அக்காவும் அத்தானும் இந்த வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இருப்பது அமெரிக்காவின் சான் ஹோசேயில். "பசிபிக் நடுவுல யாரும் போகாத தீவுக்குக் கப்பல்ல போகணும்டி, நீதான் ரெண்டு கப்பல்லயும் போயிருக்கியே, எது நல்லது?" என்று அக்கா போன மாதம் கேட்டாள். போனில் அரை மணி நேரம் பேசியும் சொல்லி முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் இடம். மார்க்கேசஸ், பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த தீவுக்கூட்டம். தஹிதிக்கு வடகிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர். ஆள் வசிக்கும் தீவுகள் ஆறு. ஆறிலும் சேர்த்து மக்கள் 9,000 பேருக்குக் கொஞ்சம் மேல். போரா போரா படங்களில் பார்க்கும் பச்சை நீலக் கடற்கழி இங்கே கிடையாது. கறுத்த எரிமலைப் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும், அவ்வளவுதான் கரை. தாஹுவாத்தா, ஃபாத்து ஹிவா இரண்டு தீவுகளுக்கும் விமானமே இல்லை. 2024-இல் யுனெஸ்கோ இந்தத் தீவுக்கூட்டத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் ஒப்பிடுவது இரண்டு வழிகளை. ஒன்று, சான் டியாகோவில் ஏறி அங்கேயே திரும்பி வந்து இறங்கும் நீண்ட சுற்று. ஹாலந்து அமெரிக்கா நிறுவனம் பல வருடங்களாக இதை நடத்துகிறது. ஹவாய், தஹிதி, மூரியா, போரா போரா என்று போய், கடைசியில் மார்க்கேசஸின் நூக்கு ஹிவாவைத் தொட்டுத் திரும்பும். ஏறத்தாழ 35 நாள். கப்பலைப் பொறுத்து 1,400 முதல் 2,600 பயணிகள் வரை இருப்பார்கள். மற்றொன்று, தஹிதியின் பப்பீட்டேயிலிருந்து புறப்படும் அரானுயி 5. பாதி சரக்குக் கப்பல், பாதி பயணிகள் கப்பல். 12 நாளில் ஆறு தீவுகளையும் தொடும். பயணிகள் 230 பேர் அளவில்.

நீண்ட சுற்றில் நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அரானுயியில் நானும் என் கணவரும் போனோம்.

கடல் வேண்டுமென்றால்

35 நாள் பயணத்தில் பாதிக்குப் பாதி நாள் கரையே கண்ணில் படாது. சான் டியாகோவை விட்டால் ஹவாய் வரை ஐந்து நாள் வெறும் தண்ணீர். ஹவாயை விட்டுத் தெற்கே இறங்க மறுபடி அதே அளவு. நூக்கு ஹிவாவிலிருந்து வீடு திரும்ப ஆறேழு நாள். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பயணம் தரும் மிகப் பெரிய விஷயமே இதுதான். விமானத்தில் எட்டு மணி நேரத்தில் தாண்டிவிடும் கடல் எவ்வளவு பெரியது என்பது இப்படிப் போனால்தான் உடம்புக்கு உறைக்கும்.

ஒரு இரவைச் சொல்கிறேன். அம்மா ராமேஸ்வரத்துக்காரி. கப்பல் சான் டியாகோவில் கிளம்பிய அன்று துருவ நட்சத்திரம் வானில் 32 டிகிரி உயரத்தில் இருந்தது. நாம் எந்த அட்சரேகையில் நிற்கிறோமோ அந்த அளவு உயரத்தில்தான் அது தெரியும். ஹவாயின் ஹிலோவில் 20 டிகிரிக்கு இறங்கியது. ஹவாயை விட்ட இரண்டாம் இரவு, முன்பக்க மேல்தளத்தில் விளக்கில்லாத இடமாகப் பார்த்து நின்றோம். அம்மா வடக்கே திரும்பி, கையை நீட்டி, விரலை மடக்கி அளந்து பார்த்தாள். "எங்க வீட்டு மொட்டை மாடில நின்னு பார்த்தா இந்த உசரத்துலதான் இருக்கும்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அப்போது கப்பல் ஒன்பதாவது டிகிரியை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது, ராமேஸ்வரத்தின் அட்சரேகை. மறு இரவு தேடினோம். அடிவான மூட்டத்தில் கரைந்து போயிருந்தது. தெற்கே அகத்தியர் நட்சத்திரமும் தென்சிலுவையும் நன்றாக மேலே ஏறி நின்றன.

இப்படி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்குவது பெரிய கப்பலின் நீண்ட சுற்றில்தான் கிடைக்கும். அரானுயி தென்கோளத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

வழியில் இன்னொரு தீவையும் சொல்ல வேண்டும். இந்தச் சுற்றுகளில் சில, கிரிபாட்டி நாட்டின் ஃபானிங் தீவையும் சேர்த்துக்கொண்டதுண்டு. தபுவேரன் என்றும் சொல்வார்கள். கனடாவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் போன கடலடித் தந்திக் கம்பிக்கு 1902-இல் இங்கே ஒரு நிலையம் வந்தது. 1914 செப்டம்பரில் நியூர்ன்பெர்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து அந்தக் கம்பியை அறுத்தது. அதே படையணியில் இருந்த இன்னொரு கப்பல், அதே மாதம் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. எம்டன்தான் அது. இன்றைக்கும் "அவன் சரியான எம்டன்" என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கு ஒரு பங்காளி அந்தச் சின்னப் பவளத் தீவில் இருக்கிறது. இத்தனைக்கும் அங்கே கடிகாரம் ஹவாயின் மணியையே காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் முன்னே ஓடும். அட்டவணையில் ஃபானிங் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

தீவு வேண்டுமென்றால்

நீண்ட சுற்றில் மார்க்கேசஸுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல். கப்பல் தாயோஹாயே குடாவில் நங்கூரம் போடும், சிறு படகில் கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அலை அதிகமாக இருந்தால் இறக்க மாட்டார்கள். ஊரில் சுமார் 2,000 பேர். கப்பலில் இருப்பவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர். கரையில் மரச் சிற்பம், எலும்பில் செதுக்கிய பதக்கம் எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். ஆறு தீவுகளின் கற்களையும் கொண்டுவந்து கட்டிய தேவாலயத்துக்கு நடந்தே போகலாம். அதன் மரச் செதுக்கு வேலையை அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம், காமுய்ஹேயியில், மாபெரும் ஆலமரங்களுக்கு அடியில் கிடக்கும் பழைய கல்மேடைகளைப் பார்க்க வண்டி வேண்டும். தீவில் இருக்கும் வண்டிகளோ கொஞ்சம். முன்கூட்டிப் பதிவு செய்தவர்களுக்குத்தான் வாய்க்கும். நாங்கள் போகவில்லை. மாலை கப்பல் கிளம்பியபோது அந்த மலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மறுபடி வரவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அரானுயியில் ஏறியதும் முதலில் தெரியும் வித்தியாசம், கப்பல் நமக்காகப் போகவில்லை என்பது. 126 மீட்டர் நீளம். முன்பாதி முழுக்கப் பாரந்தூக்கிகளும் கண்டெய்னர்களும், பின்பாதியில் நம் அறைகள். இந்த நிறுவனம் 1984 முதல் பயணிகளை ஏற்றுகிறது. இப்போதுள்ள அரானுயி 5 2015 முடிவில் ஓடத் தொடங்கியது. சிமெண்ட், அரிசி, எரிபொருள், கார், துணி துவைக்கும் இயந்திரம் என்று தீவுக்கு வேண்டிய சகலமும் இதில் போகிறது. திரும்பும்போது கொப்பரை, நோனிப் பழம், எலுமிச்சை. உலகம் முழுக்கக் 'கோப்ரா' என்று வழங்கும் சொல் நம் கொப்பரையின் உறவுதான். நோனியும் நம் ஊர் நுணாவின் இனத்தைச் சேர்ந்தது. உவா போ தீவின் துறையில் கொப்பரை மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்த இடத்தை நெருங்கியதும் அந்த வாசனை வந்தது. பொள்ளாச்சி களத்தில் நிற்பது போலவே இருந்தது.

உவா ஹுகா தீவின் வாய்பாயே குடாவுக்குள் கப்பல் நுழைவதைப் பார்க்க விடியற்காலையில் எல்லோரும் மேல்தளத்துக்கு வந்துவிடுவார்கள். குடா அவ்வளவு குறுகல். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். மாலுமிகள் இரண்டு படகுகளில் தடிக் கயிற்றை எடுத்துப்போய் இரு கரைப் பாறைகளிலும் மாட்டினார்கள். அலை ஏறும்போது படகு பாறையை முட்டுவது போலப் போகும். அந்த நொடியில் ஒருவர் தாவிப் பாறையில் ஏறிக் கயிற்றை மாட்டிவிட்டு, அடுத்த அலைக்குப் படகில் குதித்துவிட்டார். கப்பல் அந்தச் சின்ன இடத்துக்குள் அப்படியே அரைவட்டம் திரும்பியது. பின்பக்கத்துக்கும் பாறைக்கும் இடையே இருந்த இடைவெளியைப் பார்த்து என் கணவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கரையில் பிக்கப் வண்டிகள் காத்திருந்தன. ஒரு பெண்மணி தன் பேர் எழுதிய மெத்தையைத் தேடிக்கொண்டிருந்தார். எங்களை ஒரு புன்னகையோடு தாண்டிப் போனார். அவருக்கு வேலை இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ஃபாத்து ஹிவாவில் மொத்தமே 600 பேர் சொச்சம். ஓமோவா கிராமத்தில் மரப்பட்டையைத் தட்டித் தட்டித் துணியாக்கும் பழைய தொழில் இன்னும் நடக்கிறது. அங்கேயே ஒரு பாட்டி 'உமுஹேய்' கட்டிக்கொண்டிருந்தார். சந்தனத்தூள், துளசி வகை இலை, மனோரஞ்சிதம் போல மணக்கும் இலாங் இலாங் பூ எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொண்டையில் செருகிக்கொள்வது. கதம்பம்தான், வேறென்ன. என் கூந்தலில் அவரே செருகிவிட்டார். மதுரைச் சந்தையில் அத்தை பூ வைத்துவிடுவது போல ஒரு நிமிடம் தலையைக் குனிந்து நின்றேன். இரண்டு நாள் கழித்தும் தலையணையில் வாசனை இருந்தது. ஓமோவாவிலிருந்து மலையேறி ஹானவாவே குடாவுக்கு 16 கிலோமீட்டர் நடந்தும் போகலாம். முடியாதவர்கள் கப்பலிலேயே போய்ச் சேரலாம்.

ஹிவா ஓவாவின் அத்துவோனா மேட்டில் ஓவியர் கோகானின் கல்லறையும் பாடகர் ஜாக் பிரெலின் கல்லறையும் இருக்கின்றன. பெரும்பாலோர் அதற்காகவே வருகிறார்கள். எனக்கு அதைவிட புவாமாவுவில் இரண்டரை மீட்டருக்கு மேல் உயரமாக நிற்கும் தகாயி கற்சிலைதான் மனதில் நின்றது. நாட்டார் காவல் தெய்வம் நிற்பது போலவே நிற்கிறது.

அரானுயியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. 200 பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் சின்ன ஊருக்கு அதுவும் கூட்டம்தான், அங்கேயும் நடனமும் கடையும் நமக்காகப் போடுகிறார்கள். காலை ஆறரைக்கே தயாராக வேண்டும். குழுவாகத்தான் சுற்ற முடியும். சரக்கு இறக்கும் சத்தம் அறைக்குள் கேட்கும். வழியில் இருக்கும் துவாமோத்துத் தீவுகளுக்கும் மார்க்கேசஸுக்கும் நடுவே கப்பல் நன்றாக ஆடும். வாந்தி வருபவர்கள் மாத்திரை இல்லாமல் ஏறவேண்டாம். சைவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், சொன்னாலும் வகை குறைவு. கரை விருந்துகளில் மண்ணடுப்பில் சுட்ட பன்றியும், தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீனும்தான் பெரிது. நான் ஈரப்பலா, வாழைப்பழம், பப்பாளி என்று சமாளித்தேன். பெரிய கப்பலில் அந்தக் கவலையே இல்லை, முன்கூட்டிச் சொன்னால் இந்தியச் சைவ உணவே செய்து தருகிறார்கள்.

பணக் கணக்கை நாள் வாடகையாகப் பிரித்துப் பார்த்தால் பெரிய கப்பல் மலிவாகத் தெரியும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அங்கே கரைச் சுற்றுலா, ஊழியருக்கான அன்பளிப்பு, பானம், இணையம் எல்லாம் தனி. அரானுயியில் சாப்பாடும் பெரும்பாலான கரைச் சுற்றுலாவும் கட்டணத்திலேயே அடக்கம். பலர் சேர்ந்து தங்கும் படுக்கை அறைகளும் உண்டு, தனியாகப் போகிறவர்களுக்கு அதுதான் கட்டுப்படி. ஆனால் பப்பீட்டே வரை விமானச் செலவு நம் தலையில். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: ஷெங்கன் விசா பொதுவாக பிரெஞ்சு பாலினேசியாவுக்குச் செல்லாது, அந்தப் பகுதிக்கென்று தனியாக வாங்க வேண்டும். சான் டியாகோ சுற்றுக்கு அமெரிக்காவுக்குள் மறுபடி நுழையும் அனுமதியும் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் பால் கோகான் என்ற சொகுசுக் கப்பலும் உண்டு. 300 பேர் சொச்சம் பயணிகள், தஹிதியிலிருந்து இரண்டு வார மார்க்கேசஸ் சுற்று. வசதியும் வேண்டும், தீவுகளும் பல வேண்டும் என்பவர்களுக்குச் சரி. நான் அதில் போகவில்லை, அதனால் அதிகம் சொல்ல மாட்டேன்.

இப்போது அக்காவுக்கு. அத்தானுக்குக் கடல் வேண்டும், உனக்குத் தீவு வேண்டும். இரண்டையும் போங்கள், ஆனால் வரிசை முக்கியம். அரானுயியை முதலில், இந்த வருஷமே. காரணம் உன் முழங்கால். துறை இல்லாத ஊர்களில் ஆடும் ஏணியில் இறங்கிப் படகில் கால் வைக்க வேண்டும். இன்னும் ஐந்து வருடம் கழித்து அது முடியுமோ என்னவோ. நீண்ட சுற்று காத்திருக்கும். அம்மா அதில் போனபோது அவளுக்கு 76 வயது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தினம் தளத்தை மூன்று சுற்று நடந்தாள்.

படகில் இறங்கும்போது அங்கே இரண்டு மாலுமிகள் நிற்பார்கள், தோள் முதல் மணிக்கட்டு வரை பச்சை குத்திய பெரிய கைகள். உன் கையை நீட்டாதே, முழங்கைக்கு மேலே அவர்களே பிடித்துக்கொள்வார்கள். அலை படகைத் தூக்கிக்கொண்டு மேலே வரும், மறுபடி இறங்கும், மறுபடி வரும். அவர்கள் சொல்லும்வரை காலை எடுக்காதே. சொன்னதும் யோசிக்காமல் வைத்துவிடு.