பனிக்கட்டியா, இயந்திரமா? கொடை உறுப்பைக் காக்கும் மூன்று வழிகள்

இறந்தவரின் உடலிலிருந்து எடுத்த சிறுநீரகமோ கல்லீரலோ நோயாளியைச் சென்று சேர்வதற்குள் கழியும் சில மணி நேரம், அறுவைச் சிகிச்சை எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும் திருத்த முடியாத பாதிப்புகளை உண்டாக்கிவிடக்கூடும். அந்த நேரத்தைக் கடக்க இன்று மூன்று வழிகள் உள்ளன: உறுப்பைப் பனிக்கட்டியில் வைப்பது, இயந்திரத்தின் மூலம் குளிர்ந்த கரைசலை அதற்குள் ஓடவிடுவது, உடல் வெப்பத்திலேயே இரத்தத்தை ஓடவிடுவது.

பனிக்கட்டி முறை எளிமையானது. உறுப்பின் இரத்தக் குழாய்களைக் குளிர்ந்த கரைசலால் அலசி, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த கிருமி நீக்கிய பைகளில் கட்டி, பனிக்கட்டிக்கு நடுவே வைத்து அனுப்புகிறார்கள். 4 டிகிரி செல்சியஸ் அளவில் செல்களின் வளர்சிதை மாற்றம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. குறைகிறதே தவிர, நிற்பதில்லை. ஆக்ஸிஜன் கிடைக்காத மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பில்) சக்சினேட் என்ற பொருள் தேங்குகிறது. புதிய உடலில் இரத்தம் பாயத் தொடங்கும்போது அது வேகமாக ஆக்ஸிஜனேற்றம் அடைவதால் உருவாகும் தீய மூலக்கூறுகள் செல்களைச் சிதைக்கின்றன.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை 2009இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 336 கொடையாளர்கள் ஒவ்வொருவரின் ஒரு சிறுநீரகம் பனிக்கட்டியிலும் மற்றொன்று குளிர் இயந்திரத்திலும் வைக்கப்பட்டன. இரண்டும் ஒரே உடலிலிருந்து வந்தவை என்பதால், கொடையாளரின் வயதோ நோயோ முடிவைத் திரித்திருக்கும் என்று ஐயப்பட இடமில்லை. முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் பனிக்கட்டிப் பிரிவில் 26.5 சதவீதம், இயந்திரப் பிரிவில் 20.8 சதவீதம், ஓராண்டு முடிவில் வேலை செய்துகொண்டிருந்த சிறுநீரகங்கள் முறையே 90, 94 சதவீதம். வெதுவெதுப்பான முறை இங்கே எடுபடவில்லை. 338 சிறுநீரகங்களைக் கொண்டு நடத்தி 2023இல் வெளியிடப்பட்ட பிரிட்டன் ஆய்வில், மாற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் இரத்தம் ஓடவிட்டும், டயாலிசிஸ் தேவை பனிக்கட்டிப் பிரிவைப் போலவே ஏறக்குறைய 60 சதவீதமாக இருந்தது.

கல்லீரலில்தான் ஒப்பீடு சிக்கலாகிறது. 2018இல் வெளியான ஆய்வில், உடல் வெப்பத்தில் காக்கப்பட்ட கல்லீரல்களில் சேதத்தைக் காட்டும் என்சைம் அளவு பாதியாகக் குறைந்தது. பயன்படுத்தாமல் ஒதுக்கப்பட்ட உறுப்புகளும் பாதியாகின. ஆனால் நோயாளிகள் உயிர்வாழ்ந்த விகிதத்திலோ பித்தக்குழாய்ச் சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் இறங்குவதையே நோயாளி பெற்ற நன்மையாகக் கொள்ளக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நோயாளி உணரும் விளைவை நேரடியாக அளந்தது 2021இல் வெளியான டச்சு ஆராய்ச்சியாளர்கள் தலைமையிலான ஆய்வு. இதயத்துடிப்பு நின்றபின் எடுக்கப்பட்ட கல்லீரல்களைப் பெற்ற 156 பேரில், பனிக்கட்டியை மட்டும் நம்பிய பிரிவில் 18 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்திற்குள் கல்லீரலின் பித்தக்குழாய்கள் சுருங்கித் தொல்லை கொடுத்தன. ஆக்ஸிஜன் கலந்த குளிர் கரைசல் ஓடவிடப்பட்ட பிரிவில் இது 6 சதவீதமே. இந்தச் சுருக்கம் வந்தவருக்குத் தீராத அரிப்பு, மஞ்சள் காமாலை, திரும்பத் திரும்பக் காய்ச்சல், எண்டோஸ்கோப்பி மூலம் குழாய்க்குள் ஸ்டென்ட் பொருத்துதல் என்று மாதங்கள் கழியும். சிலருக்கு மறுபடியும் மாற்றுக் கல்லீரலே தேவைப்படும்.

அப்படியானால் வெதுவெதுப்பான இயந்திரம் வீணா? இல்லை. பனிக்கட்டியில் உள்ள கல்லீரல் தன் நிலையைச் சொல்வதில்லை. இயந்திரத்தில் இரத்தம் ஓடும் கல்லீரலோ நிறம் திரும்பி, லாக்டேட் என்ற கழிவுப்பொருளை அகற்றி, மெல்லிய குழாய் வழியே பித்தநீரைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றி, தான் உழைப்பதைக் கண்முன் காட்டும். கொடுக்கலாமா, ஒதுக்கலாமா என்று மருத்துவர்கள் தயங்கும் உறுப்புக்கு இந்தச் சோதனை பேருதவி. இரத்தம், இடைவிடாத கண்காணிப்பு, பயிற்சி பெற்ற குழு ஆகியவை வேண்டியிருப்பதும், வழியில் இயந்திரம் பழுதானால் உறுப்பே போய்விடும் என்பதும் இதன் சுமைகள்.

என் கணிப்பில், மூளைச்சாவு அடைந்தவரின் நல்ல கல்லீரல் சிறிது தூரமே செல்வதென்றால் பனிக்கட்டி போதும். ஐயத்துக்குரிய கல்லீரலுக்கு வெதுவெதுப்பான முறை. இதயத்துடிப்பு நின்றபின் எடுத்த கல்லீரலுக்குக் குளிர்ந்த ஆக்ஸிஜன் முறை. இந்தக் குளிர்ந்த முறைக்குப் பயணம் முழுவதும் இயந்திரம் தேவையில்லை: அந்த டச்சு ஆய்வில் கல்லீரல் பனிக்கட்டியிலேயே வந்து சேர்ந்தது; பெறுபவரின் மருத்துவமனையில்தான் அதற்கு இரண்டு மணி நேரம் ஆக்ஸிஜன் ஊட்டப்பட்டது.