கால்வலி குறைகிறது என்று நம்பி ஏமாந்தோம்: 'ஜவ்வு விலகல் பேக்கேஜ்' பற்றி ஒரு எச்சரிக்கை

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வயது 43. போன சித்திரையில் ஒரு பீரோவைத் தூக்கி ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றே நாளில் வலி இடுப்பை விட்டுக் காலுக்கு இறங்கிவிட்டது. வலது புட்டத்தில் தொடங்கி, தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்பக்கம் என்று பெருவிரல் வரை சுண்டி இழுக்கும். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

'ஆபரேஷன் இல்லாமல் தீர்வு' என்று போர்டு வைத்திருந்த ஒரு முதுகுவலி சென்டருக்குப் போனோம். ஸ்கேன் எடுக்க வைத்தார்கள். "எல்4, எல்5 நடுவுல ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துதும்மா. ஆபரேஷன்னு போனா படுத்த படுக்கைதான்" என்றார்கள். எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதி முதுகெலும்பின் கடைசி இரண்டு எலும்புகள்; ஜவ்வு என்பது அவற்றுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க். மெஷினில் கட்டி இடுப்பை இழுக்கும் சிகிச்சை, 30 சிட்டிங், 48,000 ரூபாய், முழுவதும் முன்பணம். என் வளையலை அடகு வைத்துக் கட்டினோம்.

இரண்டாவது வாரம் வாசலில் நடந்து வந்தவருடைய வலது செருப்பு படியிலேயே கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. சென்டரில் சொன்னேன். "நரம்பு லூஸாகுது, நல்ல அறிகுறிதான். வலி குறைஞ்சிருக்குல்ல?" என்றார்கள். உண்மையிலேயே வலி குறைந்திருந்தது. அதனால் நம்பினோம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது. மூன்றாவது வாரம் பாதம் தரையில் டப் டப்பென்று அடித்தது. பிரேக்குக்குக் கால் எழும்பவில்லை என்று ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

அப்புறம்தான் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் முதலில் ஸ்கேனைத் தொடவே இல்லை. குதிகாலில் நடக்கச் சொன்னார், முடியவில்லை. பெருவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்தினார். அது அப்படியே மடங்கியது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சென்டரில் அத்தனை நாளில் ஒருவர்கூட அந்த விரலைத் தொட்டுப் பார்த்ததில்லை.

அவர் சொல்லித்தான் புரிந்தது. முதுகெலும்புக்குள்ளிருந்து ஜோடி ஜோடியாக நரம்பு வேர்கள் வெளியே வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் காலில் தனித்தனி வேலை. எல்5 வேர் பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்குகிறது. அதற்குக் கீழே உள்ள எஸ்1 கெட்டால் நுனிக்காலில் எழும்ப முடியாது, சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும். பிதுங்கிய ஜவ்வு வேரை நசுக்குவதோடு, ஜவ்வுக்குள்ளிருந்து கசிந்த கூழ் அங்கே வீக்கத்தையும் உண்டாக்குகிறது. கோளாறு முதுகில், வலி காலில் என்பது இதனால்தான். வலி குறைந்து பலமும் கூடினால் குணமாகிறது என்று அர்த்தம். வலி குறையும்போதே மரப்பும் பலவீனமும் ஏறினால், நரம்பு உணர்விழந்துகொண்டிருக்கலாம். எங்களுக்கு நடந்தது இரண்டாவது.

இன்னொன்றும் சொன்னார். பலவீனம் இல்லாத கால்வலி பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே 6 முதல் 12 வாரத்தில் தணிந்துவிடுமாம். பிதுங்கிய ஜவ்வை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளுமாம். அப்படித் தானாகச் சரியானவர்களைத்தான் இந்த மாதிரி இடங்கள் 'நாங்கள் குணமாக்கினோம்' என்று காட்டுகின்றன என்பது என் எண்ணம். ஸ்கேன் படத்தை வைத்துப் பயமுறுத்துவதும் அப்படித்தான். வலியே இல்லாத 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுக்கம் இருப்பதாக 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

அந்த வாரமே ஆபரேஷன் ஆனது. படுத்த படுக்கையாகவில்லை, மறுநாளே நடந்தார். கால்வலி போய்விட்டது. பாதம் பாதிதான் எழும்புகிறது. முன்னாடியே வந்திருந்தால் இன்னும் நன்றாகத் திரும்பியிருக்க வாய்ப்பிருந்தது என்றார் டாக்டர். இப்போது பிளாஸ்டிக் பட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறார். வண்டியை அவர் தம்பி ஓட்டுகிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த வலி இருந்தால் இன்றைக்கே குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு கால் தளர்ந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, தன்னை அறியாமல் வெளியேறினாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மீதி சிட்டிங்கின் பணத்தைக் கேட்டோம். 'பேக்கேஜ்' பணம் திரும்பாது என்றார்கள். ரசீதில் எந்த டாக்டர் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. அந்த ரசீதையும் ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறோம்.